எண்பது ஜிபிக்குள் ஓர் அச்சகம்

2018 ஆடி முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. கோபிச்செட்டிபாளையத்தில் அச்சகம் வைத்திருக்கும் மாமா கூப்பிட்டார். "கண்ணு, டிடிபி சிஸ்டம் எந்திரிக்க மாட்டீங்குது. விண்டோஸ் படம் வருது, அப்படியே நின்னுக்குது. உள்ளார டிக்கு டிக்குனு சத்தம் வேற" என்றார்.

சத்தம் என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. "மாமா, இனி அதை ஆன் பண்ணாதீங்க. பிளக்கைப் புடுங்கி வெச்சிருங்க. நான் கெளம்பி வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு ஈரோட்டில் பஸ் ஏறினேன்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கோயில் நோட்டீஸும் பில் புக்கும்தான் ஓடும். ஆனால் ஆடிப் பதினெட்டு கழிந்ததும் ஆவணிக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வாரம்தான் இருந்தது.

மாமா ஈய எழுத்தைக் கையால் பொறுக்கி அச்சுக் கோத்தவர். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். 2004இல் ஈரோட்டில் அசெம்பிள் செய்த ஒரு கணினியை வாங்கினார். பென்டியம் 4, 512 எம்பி ரேம், ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பில் 80 ஜிபி டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. கூடவே, யுஎஸ்பி டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும் ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள். பதினான்கு வருடமாகக் கோபி, கவுந்தப்பாடி, அத்தாணி, அந்தியூர்ப் பக்கத்துக் கல்யாணமும் காதுகுத்தும் புதுமனைப் புகுவிழாவும் அந்த மேசையில்தான் எழுத்தாகின. பாரியூர்க் குண்டத்துக்கும் பண்ணாரிக் குண்டத்துக்கும் ஊர்க்காரர்கள் அடிக்கும் வாழ்த்து நோட்டீஸ்களும் அங்கேதான்.

எங்கள் பக்கத்துத் திருமணப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருவீட்டுத் தாத்தா பாட்டி பெயர், குலம், குலதெய்வக் கோயில், சில வீடுகளில் தோட்டத்தின் பெயர் வரை அதில் இருக்கும். அட்டை சிவகாசியிலிருந்து வந்துவிடும், உள்ளே வரும் எழுத்துதான் மாமாவின் வேலை. அடுத்த பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அதே வீட்டார் வந்து, "பெரியவனுக்கு அடிச்சதுலயே பேரும் தேதியும் மாத்திருங்க" என்பார்கள். மாமா பழைய பைலைத் திறப்பார். அந்த பைல்கள்தான் அவருடைய முதல்.

பைல்களை மட்டும் காப்பி எடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். போதாது. அதற்கான காரணம் தமிழோடு சேர்ந்தது.

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் தரும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் 'அ' என்ற எழுத்துக்கென்று தனி எண் கிடையாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கும் 256 இடங்களுக்குள் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அரசு தரமாக்கியது. ஆனாலும் சந்தையில் இருந்த எழுத்துருக்கள் எல்லாம் அந்த வழிக்கு வந்துவிடவில்லை. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் யூனிகோடையும், தமிழுக்கென்றே வகுத்த டேஸ்16 குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அதற்குள் மாமா ஆறு வருடத்து வேலையைப் பழைய எழுத்துருவில் முடித்திருந்தார். அப்புறமும் அதையேதான் தொடர்ந்தார். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல். அதற்கு யூனிகோடு தெரியாது.

ஆகவே அந்த பைலை வேறு கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் சிதறிக் கிடக்கும். எழுத்துரு வேண்டும், அதற்கு மென்பொருள் வேண்டும், மென்பொருளுக்கு டாங்கிள் வேண்டும், டாங்கிளோடு விண்டோஸைப் பேச வைக்க அந்தக் காலத்து டிரைவர் நிரல் வேண்டும், டிரைவருக்கு எக்ஸ்பி வேண்டும். இன்ஸ்டால் செய்த சிடியைப் பூஞ்சை தின்றுவிட்டது. இதெல்லாம் போக, மாமாவின் விரல்களுக்குத் தெரிந்த ஒரே விசைப்பலகை பழைய டைப்ரைட்டர் முறை. அதுவும் அந்த மென்பொருளுக்குள்தான் இருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றி எடுத்துப் பயனில்லை. கணினி மொத்தமாக வேண்டும், இரும்பு மட்டும் இல்லாமல்.

ஒரு கணினியின் டிஸ்கை அப்படியே இமேஜ் என்ற ஒரே கோப்பாக்கி, இன்னொரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிக்கு அதையே டிஸ்காகக் கொடுத்து எழுப்பலாம் என்பது எனக்கு முன்பே தெரியும். ஈரோட்டில் ஓர் அலுவலகத்தில் சர்வர் பார்த்துக்கொள்கிற வேலையில் இரண்டு மூன்று முறை செய்திருக்கிறேன். அவை நல்ல டிஸ்குகள். சாகப்போகிற டிஸ்கில் செய்வது இதுதான் முதல் தடவை.

நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் என்றால் வழி மிக எளிது. சிஸ்இன்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பின் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதி 2009இல் வெளியிட்ட டிஸ்க்-டூ-விஹெச்டி என்ற சின்ன நிரல் இருக்கிறது. கணினியை நிறுத்தவே வேண்டாம். விண்டோஸில் உள்ள வால்யூம் ஷேடோ காப்பி என்ற வசதி அந்த நொடியின் நிலையைப் பிடித்துக் கொடுக்கும், அதை இந்த நிரல் விஹெச்டி என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்பாக எழுதிவிடும். எழுதுகிற இடம் மட்டும் வேறு டிஸ்காக இருந்தால் நல்லது. ஆனால் டிக்கு டிக்கு என்று சத்தம் போடும் டிஸ்கில் விண்டோஸை எழுப்புவதே தப்பு. எழும்போதும் ஓடும்போதும் விண்டோஸ் நூறு இடத்தில் எழுதும், நினைவகத்தில் அடங்காததை வைக்கும் பேஜ் பைலைத் தொடும், சந்தேகம் வந்தால் டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்கை ஓட்டி சரி செய்கிறேன் என்று கலைத்துவிடும். உடம்பு முடியாதவரை எழுப்பி வேலை வாங்குவது போல.

அதனால் டிஸ்கைக் கழற்றினேன். நாற்பது முள் ஐடிஇ கேபிள், பின்னால் ஜம்பர். ஐடிஇயை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் என்னிடம் இருந்தது. லினக்ஸ் ஓடும் என் லேப்டாப்பில் செருகினேன். மவுன்ட் செய்யவில்லை, அதாவது உள்ளிருக்கும் பைல்களைத் திறக்கும்படி இணைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்: காப்பி முடியும்வரை அந்த டிஸ்கின் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. ஒரு பைலைத் திறந்து பார்ப்போமே என்ற ஆசை வரும். அந்த ஆசைக்குச் செலவாகிற ஒவ்வொரு நொடியும் டிஸ்கின் மிச்ச ஆயுளிலிருந்து போகிறது.

லினக்ஸின் சாதாரண டிடி கட்டளையால் காப்பி எடுத்தால், டிஸ்கின் சிறு துண்டுகளான செக்டர்களில் முதல் கெட்டது வந்ததும் நின்றுவிடும். கெட்ட டிஸ்கை மீட்கவென்றே எழுதிய ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ அப்படியல்ல. முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க வருகிற இடங்களை எல்லாம் வாரிக்கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். எங்கே படித்தது, எங்கே விட்டது என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் தொங்கிப்போய் நாம் கழற்றி மாட்டினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நெல் அறுப்பது போலத்தான். கதிரை முதலில் வீடு சேர்த்துவிட்டு அப்புறம் சிந்தியதைப் பொறுக்கலாம்.

அந்த டிஸ்கில் 15,63,01,488 செக்டர்கள். ஒவ்வொன்றும் 512 பைட். நல்ல டிஸ்க் என்றால் யுஎஸ்பி 2 வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். இது ஞாயிறு சாயங்காலம் தொடங்கி செவ்வாய் விடியும்வரை ஓடியது. டிஸ்கின்மேல் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். நடுவில் மூன்று முறை டிஸ்க் காணாமல் போனது. அரை மணி நேரம் ஆற விட்டு மறுபடி மாட்டினேன். மாமா தூங்கவில்லை. திண்ணைக்கும் அறைக்குமாக நடந்தார். "எவ்வளவு வந்திருக்குது கண்ணு?" என்று கேட்பார், சதவீதத்தைச் சொல்வேன், தலையாட்டிவிட்டுப் போவார்.

கடைசியில் படிக்க முடியாமல் நின்றவை 57 செக்டர்கள். எல்லாம் சேர்த்து 29,184 பைட்.

இங்கே ஒரு விஷயம். ஏன் முழு டிஸ்க், சி டிரைவை மட்டும் எடுத்தால் ஆகாதா? ஆகாது. கணினி எழுவது சி டிரைவிலிருந்து அல்ல, டிஸ்கின் முதல் செக்டரிலிருந்து. அந்த 512 பைட்டில் 446 வரை பூட் நிரலும் அதையொட்டிய குறிப்புகளும், அடுத்த 64 பைட்டில் பார்ட்டிஷன் பட்டியல், கடைசி இரண்டில் முத்திரை. அந்த முதல் பகுதிக்குள்ளேயே நான்கு பைட்டில் டிஸ்கின் கையொப்பம் ஒன்று இருக்கும். எது சி, எது டி என்று எக்ஸ்பி நினைவு வைத்திருப்பது அந்தக் கையொப்பத்தையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் சேர்த்துத்தான். அது மாறினால் எழுந்த விண்டோஸுக்குத் தன் வீட்டு வாசல் தெரியாது. எக்ஸ்பி காலத்தில் முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கும். அதற்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் சில மென்பொருள்கள் தங்கள் உரிம அடையாளத்தை ஒளித்து வைப்பதுண்டு. விண்டோஸ் 7 என்றால் தனியாக 100 எம்பிக்கு ஒரு சிஸ்டம் பார்ட்டிஷன், பூட் கோப்புகள் அதில்தான். எனவே முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை அப்படியே எடுத்துவிட வேண்டும். யோசிக்கிற வேலையும் மிச்சம்.

இமேஜ் கைக்கு வந்ததும் அதற்கு இன்னொரு காப்பி எடுத்து, மூலத்தை எழுத முடியாதபடி பூட்டினேன். காப்பியை, மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் படிக்கும் விடிஐ கோப்பாக மாற்றினேன். சுழியமாக இருக்கும் பகுதிகள் இடம் பிடிக்காததால் 80 ஜிபி இமேஜ் 31 ஜிபி ஆனது. மெய்நிகர் கணினியை அமைக்கும்போது டிஸ்கை ஐடிஇ கன்ட்ரோலரில் வைத்தேன், சாட்டா ஏஹெச்சிஐ என்ற புதிய வகை இணைப்புக்கு எக்ஸ்பிக்குள் டிரைவர் கிடையாது. கணினியை எழுப்ப ஈஎஃப்ஐ என்ற புதிய முறை வேண்டாம், பழைய பயாஸ்தான். நெட்வொர்க் கார்டு வேண்டவே வேண்டாம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டன, அதை இணையத்தில் விடுவது கதவில்லாத வீட்டில் நகையை வைப்பது.

எழுப்பினேன். விண்டோஸ் படம் வந்தது. நீலத்திரை. விண்டோஸ் முடங்கிவிட்டது என்ற அறிவிப்பு, 7பி என்று முடியும் பிழை எண்.

இந்த நீலத்திரையைக் கண்டு பலர் இமேஜ் கெட்டுவிட்டது என்று கைவிட்டுவிடுகிறார்கள். இமேஜில் குறையே இல்லை. பூட் நிரல் பயாஸின் உதவியோடு விண்டோஸின் மையமான கெர்னலை நினைவகத்துக்குள் கொண்டுவந்துவிடும். அதற்குப் பிறகு டிஸ்கைப் படிக்க விண்டோஸுக்குத் தன் சொந்த டிரைவர் வேண்டும். மாமாவின் மதர்போர்டில் இருந்தது வேறொரு சிப்செட். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவதோ இன்டெல்லின் பழைய பிஐஐஎக்ஸ்4 கன்ட்ரோலர். அதற்குரிய டிரைவர் அங்கே பொருத்தப்படவே இல்லை. ஏறிவந்த ஏணியை இழந்துவிட்டு மச்சில் நிற்கிற நிலை அது.

மருந்து அந்த டிஸ்குக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் அழகு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் டிரைவர் கேப் என்ற ஒரு மூட்டை இருக்கும். அதிலிருந்து இன்டெல்ஐடிஇ டிரைவரைப் பிரித்தெடுத்து டிரைவர் ஃபோல்டரில் போட்டேன். அடுத்து, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி. இமேஜின் காப்பியை ஒரு விண்டோஸ் கணினியில் இணைத்து, சிஸ்டம் என்ற ரெஜிஸ்ட்ரி கோப்பை ரெஜ்எடிட்டில் ஏற்றினேன். ஓடும் விண்டோஸில் கரண்ட் கன்ட்ரோல் செட் என்று தெரிகிற கிளை இங்கே இருக்காது. 001, 002 என்றுதான் இருக்கும். எது நடப்பில் உள்ளது என்பதை செலக்ட் என்ற சாவி சொல்லும். அந்த டிரைவரின் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கினேன், அதாவது முதல் மணிக்கே எழுந்துகொள் என்று அர்த்தம். கிரிட்டிக்கல் டிவைஸ் டேட்டாபேஸ் என்ற கிளையில் புதிய கன்ட்ரோலரின் அடையாள எண்ணைச் சேர்த்து, இதற்கு இந்த டிரைவர் என்று எழுதினேன். பழைய கணினி நல்ல நிலையில் ஓடும்போதே இதைச் செய்து வைக்க மெர்ஜ்ஐடிஇ என்ற சிறு கருவி உண்டு. நமக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது.

மறுபடி எழுப்பினேன். இம்முறை பட்டை ஓடியது, கொஞ்சம் தாண்டியதும் இன்னொரு நீலத்திரை, 7ஈ. எண் மாறியதில் எனக்குச் சந்தோஷம். டிஸ்கைப் படித்துவிட்டது என்று அர்த்தம். இது இன்டெல் பிராசஸரின் மின்சாரச் சிக்கனத்துக்கான டிரைவர் செய்வது. என் லேப்டாப்பில் இருப்பது ஏஎம்டி. இன்டெல்பிபிஎம் என்ற அந்தச் சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கினால் அது ஓடாது. ஆக்கினேன்.

புதன்கிழமை ராத்திரி பதினோரு மணி இருக்கும். லேப்டாப் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள், 640க்கு 480 அளவில், பதினாறு நிறத்தில், மாமாவின் டெஸ்க்டாப் வந்தது. பச்சைமலை முருகன் படம். ஐகான்கள் அவர் வைத்த அதே வரிசை. மாமாவைக் கூப்பிட்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எந்திரிச்சிருச்சா?" என்றார். "எந்திரிச்சிருச்சுங்க மாமா." கை நீட்டித் திரையைத் தொட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அத்தையை எழுப்பி அழைத்து வந்து காட்டினார்.

மீதி வேலை சில்லறை. புதிய வன்பொருள் கண்டேன் என்று வரிசையாக எட்டுப் பத்து அறிவிப்பு வந்தது. விர்ச்சுவல்பாக்ஸின் துணை டிரைவர்களான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டதும் திரை விரிந்தது. வன்பொருள் முழுக்க மாறிவிட்டதால் எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்டது. இங்கே சட்டமும் பார்க்க வேண்டும். கணினியோடு சேர்த்து விற்கப்படும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு முடிந்துவிடும், மெய்நிகருக்கு எடுத்துவர முடியாது. மாமா 2004இல் தனிப் பெட்டியாக விலை கொடுத்து வாங்கியிருந்தார். பெட்டியைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். போனில் அழைத்து எண்களைச் சொன்னதும் முடிந்தது. டாங்கிளை லேப்டாப்பில் செருகி, அதை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்க விர்ச்சுவல்பாக்ஸுக்குச் சொன்னேன். உள்ளே எழுத்துரு மென்பொருள் திறந்தது. அச்சுக்கு, உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு வடிவக் கோப்பாக எழுதி, பகிர்ந்த ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலால் பிடிஎஃப் ஆக்கி லேசர் பிரிண்டருக்கு அனுப்புகிறோம். ஒரு படி கூடுதல்தான், மாமாவுக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது.

எல்லா இயந்திரத்துக்கும் இது பொருந்தாது. சோமனூர், பல்லடம் பக்கமும் கோவைப் பட்டறைகளிலும் பழைய கணினியோடு கட்டிய இயந்திரங்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கணினிக்குள் தனி பிசிஐ கார்டு செருகி அதிலிருந்து இயந்திரத்தை இயக்குகிறீர்கள் என்றால் இப்படிப்பட்ட சாதாரண மெய்நிகர் கணினியில் அந்தக் கார்டுக்கு இடம் இல்லை. அப்போதும் டிஸ்க் இமேஜ் எடுத்து வையுங்கள், அதை வேறொரு டிஸ்கில் எழுதி அதே கணினியில் மாட்டிக்கொள்ளலாம். புதிய கணினிகளில் விண்டோஸ் 10 என்றால் மெய்நிகரில் ஈஎஃப்ஐ போட வேண்டும், டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். கணக்கு மென்பொருளோ பத்திரிகை பைலோ, வெறும் டிஸ்கில் ஓடுவது எதுவானாலும் தயங்க வேண்டாம். நல்ல டிஸ்கில் ஒரு சாயங்கால வேலை. எனக்கு நான்கு நாள் ஆனதற்குக் காரணம், ஒவ்வொரு தீபாவளிக்கும் கோபிக்குப் போய் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டு, இமேஜ் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டு, எடுக்காமல் வந்ததுதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் அந்த 57 செக்டர்கள். அவை எந்த பைலில் விழுந்தன என்று தெரிந்தாக வேண்டும். மேப் கோப்பு இருந்ததால் ஒரு வழி இருந்தது. இமேஜின் இன்னொரு காப்பியில், படிக்க முடியாமல் போன இடங்களில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை டிடிரெஸ்க்யூவை வைத்தே நிரப்பினேன். பிறகு அந்தக் காப்பியைப் படிக்க மட்டும் திறந்து, எல்லா பைல்களிலும் அந்தச் சொல்லைத் தேடினேன். பெரும்பாலானவை காலி இடத்திலும் பேஜ் பைலிலும் விழுந்திருந்தன. ஒன்பது செக்டர்கள் ஒரே ஒரு பேஜ்மேக்கர் பைலில். 2009 தை மாதம் கவுந்தப்பாடியில் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை. திறக்க மறுத்தது.

மாமா ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒன்றை எடுத்து பெரிய நோட்டில் ஒட்டி வைப்பார், வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட. 2009ஆம் வருட நோட்டைத் தேடி எடுத்தார். பத்திரிகை இருந்தது, ஓரம் கொஞ்சம் பழுப்பேறி. ஆவணி ஆர்டர்கள் வந்து குவிந்திருந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்து லேப்டாப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு முதலெழுத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார்.

"இதை யாரும் கேக்கலீங்களே மாமா, இப்பவே அடிக்கணுங்களா?" என்றேன்.

"அவங்க ரெண்டாவது புள்ளைக்கு இன்னும் ஆகலை கண்ணு. கேட்டு வருவாங்க" என்றார். பழைய டைப்ரைட்டர் முறையில் விரல்கள் பார்க்காமலே ஓடின. குலதெய்வக் கோயில் பெயர், தாத்தாக்கள், பாட்டிகள், தோட்டத்துப் பெயர், மண்டபம். அரை மணி நேரத்தில் முடித்து, நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, பழைய பைலின் அதே பெயரில் அதே ஃபோல்டரில் சேமித்தார். தேதி மட்டும் 2018 என்று காட்டுகிறது.